நியாயத்தாரின் விரால் மீன்

ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. மருத நாட்டை ஒரு ராஜா ஆண்டார். ரொம்ப நல்லவர், அதனால் எந்த வழக்கையும் தானே விசாரிக்காமல் விடங்கனார் என்ற நியாயத்தாரிடம் விட்டுவிட்டார்.

அந்த நாட்டில் நங்கை என்றொருத்தி. வாய்க்கால் ஓரமாக அவளுக்குத் துண்டு வயல். அவள் நாற்று நட்ட மறுநாளே மேல்வயல் காரியான் வாய்க்காலை அடைத்து, தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். கேட்டால், வாய்க்கால் தன் பாட்டன் வெட்டியது என்றான். நாற்று கருகினால் அந்த வருஷம் நங்கை வீட்டில் உலை ஏறாது. அவள் சபைக்குப் போனாள்.

முதல் தடவை, காரியானின் மாமனார் செத்துப்போயிருந்தார். விடங்கனார் வாய்தா கொடுத்தார். இரண்டாம் தடவை, காரியானின் சாட்சிக்குப் பல்வலி. அதற்கும் வாய்தா. மூன்றாம் தடவை, மாமனார் மறுபடியும் செத்துப்போனார். விடங்கனார் முன்பு வருந்திய அளவே வருந்தி, வாய்தா கொடுத்தார்.

நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தீர்ப்பு வரும்வரை, சண்டைக்குரிய பொருள் யார் கையில் இருக்கிறதோ அவர் கையிலேயே இருக்கும். தண்ணீர் காரியான் வயலில் இருந்தது. அவனுக்கு என்ன அவசரம்?

நங்கையின் நாற்று நுனி மஞ்சளாகிவிட்டது. அன்று அவள் வீட்டுக்குப் போகாமல் சபையிலேயே நின்றாள். உச்சி வேளையில் விடங்கனாருக்குச் சாப்பாடு வந்தது. நெய்ச்சோறு, வறுத்த விரால் மீன். அவர் கைகழுவித் திரும்புவதற்குள் நங்கை இலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அது என் சாப்பாடு."

"என்னுடையது என்கிறேன் ஐயா. வழக்காக எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு வரும்வரை வழக்கப்படி என்னிடமே இருக்கட்டும்."

"சரி, இப்போதே விசாரிக்கிறேன்."

"இன்றைக்கு முடியாதே. எனக்கும் மாமனார் தவறிவிட்டார். வாய்தா வேண்டும்."

"அதுவரை மீன் கெட்டுப்போகாதா?"

"என் நாற்றும் அப்படித்தான் ஐயா."

சபை சிரித்தது. விடங்கனாருக்குச் சிரிப்பு வரவில்லை, பசி. என்னதான் வழி என்று அவளையே கேட்டார். வாய்தா கேட்கிறவர் அந்த நாள் வரை பொருளை எதிராளியிடம் விட்டுவிட்டுப் போகட்டும் என்றாள் நங்கை. விடங்கனார் நின்ற இடத்திலேயே அதைச் சட்டமாக்கினார். வாய்தா கேட்டிருந்தவள் நங்கை. எனவே முதலில் மீன் கைமாறியது. அன்று சாயங்காலமே தண்ணீரும் கைமாறியது.

மறுநாள் விடியும்போதே காரியான் சபை வாசலில் நின்றான். சாட்சிக்குப் பல்வலி போய்விட்டது. செத்த மாமனாரே கைத்தடியோடு சாட்சி சொல்ல வந்திருந்தார். அவர் நேர்மையான மனிதர். வாய்க்காலை இரண்டு வீட்டுப் பாட்டன்மாரும் சேர்ந்துதான் வெட்டினார்கள் என்று போட்டு உடைத்துவிட்டார்.

இருவரும் முறைவைத்துப் பாய்ச்ச வேண்டும் என்று உச்சிக்கு முன்பே தீர்ப்பு வந்தது. நங்கையின் நாற்று பச்சை பிடித்தது. விடங்கனார் நேரத்துக்குச் சாப்பிட்டார். இலையை மட்டும் இடது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

தாமதத்தால் லாபம் பெறுகிறவன் இருக்கும்வரை எந்த வழக்கும் முடியாது என்பதால், தாமதத்தின் நஷ்டத்தை அதைக் கேட்பவனே சுமக்க வேண்டும்.