ஒன்பது துளி

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், தன் பழைய காரின் கண்ணாடிகளுக்கு வெயில் தடுக்கும் பிலிம் ஒட்ட அருளப்பன் திருச்சி பைபாஸில் இருந்த சபீனாவின் கடைக்குப் போனார். வேலை முடிந்து கார் தயாரான பிறகும் அவர் கிளம்பவில்லை. அடுத்த காருக்கு ஒட்டுவதையும் நின்று பார்த்தார். நனைந்த கண்ணாடியின்மேல் ஒரு மெல்லிய தாள் மிதந்து வந்து, இருந்த சுவடே தெரியாமல் அதில் கலந்துபோனது. அப்படி ஒன்றை அவர் அதுவரை கண்டதில்லை.

மறுநாள் போய், தனக்கும் கற்றுத்தர முடியுமா என்று கேட்டார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவளுக்கு முப்பத்திரண்டு. முதலில் கண்ணாடி துடைக்க வேண்டியிருக்கும் என்றாள். இரண்டு மாதம் துடைத்தார். அவள் அவரை சார் என்றாள். அவர் அவளை மாஸ்டர் என்றார்.

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷம் கரைசல் கலந்து கொடுத்தவர் அவர். அதனால் பிலிமை வழுக்க வைக்கும் சோப்புத் தண்ணீரைக் கலக்கும் வேலை அவரிடம் வந்தது. ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு நான்கு துளி பேபி ஷாம்பு. குறைந்தால் பிலிம் பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். கூடினால் வழுக்கிக்கொண்டே இருக்கும், லேசில் ஒட்டாது. டிராப்பரைக் கண் மட்டத்தில் பிடித்து எண்ணி விடுவார். ஒரு நாளும் பிசகியதில்லை.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் வைதேகி என்ற பள்ளி ஆசிரியையை அவள் கணவர் அழைத்து வந்தார். காரிலிருந்து கடைக்குள் வரும் பத்தடி தூரத்துக்கும் அவள் குடை பிடித்திருந்தாள். கைகளில் உறை. வெயில் பட்டால் தோல் வெந்துபோகிற வியாதி. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் பகலில் வெளியே வந்திருந்தாள். டாக்டர் சொல்லியிருந்த, வெயிலின் புற ஊதாக் கதிர்களை மட்டும் தடுத்து, உள்ளே இருப்பவர் நன்றாகத் தெரிகிற தெளிந்த பிலிமை சபீனா பெங்களூரிலிருந்து வரவழைத்திருந்தாள். மறுநாள் காலை வைதேகியின் தங்கைக்குக் கல்யாணம்.

மற்ற கண்ணாடிகளையெல்லாம் சபீனாவே முடித்தாள். வைதேகி உட்காரப்போகும் பக்கத்துக் கண்ணாடி மட்டும் பாக்கி இருந்தது. அதை அருளப்பனிடம் விட்டாள். சிறிய கண்ணாடிகளில் அவர் கை பழகியிருந்தது.

அவர் புதிதாகத் தண்ணீர் கலந்தார். நான்கு துளி. ஸ்பிரே பாட்டிலால் கண்ணாடியில் அடித்தார், பிலிமில் அடித்தார், தூக்கி வைத்தார். வைத்தது கோணலாகிவிட்டது. நகர்த்தப் பார்த்தார். அதற்குள் ஒரு மூலை பிடித்துக்கொண்டது. இழுத்ததும் நடுவில் ஒரு மடிப்பு விழுந்தது. அந்த மடிப்பு இனி எப்போதும் போகாது என்று அவருக்குத் தெரியும்.

சுருளில் இன்னும் ஒரே ஒரு துண்டுக்குத்தான் பிலிம் இருந்தது. அடுத்த சுருள் வர ஒரு வாரம் ஆகும்.

அருளப்பன் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். "நீங்களே போட்டுடுங்க மாஸ்டர்," என்றார்.

சபீனா கெட்டுப்போன பிலிமை உரித்தெடுத்தாள். அவருடைய கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் வைதேகியிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். ஒரு துண்டு வீணாகிவிட்டது, ஒரு துண்டுதான் மிச்சம், அதையும் அவரே போடலாம் என்று நினைக்கிறேன், உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் நான் போடுகிறேன் என்றாள்.

வைதேகி வாசல் பக்கம் பார்த்தாள். பள்ளிப் பிள்ளையைப் போலத் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார் அருளப்பன்.

"ரெண்டு வருஷம் உள்ளேயே இருந்தாச்சு," என்றாள். "அவர் அவசரப்படாம போடட்டும்."

அது அவர் காதிலும் விழுந்தது.

சபீனா ஈரத் துணியால் கண்ணாடியின் சூட்டை ஆற்றினாள். அவர் கலந்த தண்ணீரை வாளியில் கொட்டிவிட்டு, புதிதாக ஒரு லிட்டர் எடுத்தாள். துளி துளியாக விட்டாள். பழக்கதோஷத்தில் அருளப்பன் எண்ணினார். நான்கில் அவள் நிறுத்தவில்லை. ஒன்பது.

பிலிம் ஒட்டவே ஒட்டாது என்று அவருக்குத் தோன்றியது.

பாட்டிலை அவர் கையில் கொடுத்தாள்.

இந்த முறையும் கோணலாகத்தான் வைத்தார். ஆனால் விரல் நுனியால் தொட்டதும் பிலிம் நகர்ந்தது. குளத்தில் கிடக்கிற இலை மாதிரி, தள்ளிய பக்கம் போயிற்று. மேலே ஏற்றினார், ஒரு நூல் கூடுதலாக ஏறியது. இறக்கினார், இறங்கியது. எங்கேயும் பிடித்துக்கொள்ளாமல் அவருக்காகக் காத்திருந்தது. நான்கு மூலையும் சரியாக வந்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

பிறகு ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளினார். முடிந்தது என்று நிமிர்ந்தபோதெல்லாம், இன்னும் இருக்கிறது என்றாள் சபீனா. வழக்கமாக ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை. இதற்கு அரை மணி நேரம் ஆனது. தோள் கடுத்தது. கடைசி ஈரமும் வெளியேறிய பிறகு பார்த்தால், அங்கே கண்ணாடி மட்டும்தான் இருந்தது.

வைதேகி காரில் ஏறி உட்கார்ந்தாள். கணவர் வண்டியைக் கடைக்கு வெளியே எடுத்தார். வெயில் அவள் மடியில் விழுந்தது. அவள் ஒரு கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கையைப் பார்த்தாள். திருப்பிப் புறங்கையைப் பார்த்தாள். கிளம்பலாமா என்று கணவர் கேட்டார். கொஞ்சம் இருங்கள் என்றாள்.

கார் போய் வெகுநேரம் அருளப்பன் அதே இடத்தில் நின்றிருந்தார். பிறகு உள்ளே வந்தார்.

"மாஸ்டர், ஒன்பது துளி எந்தக் கணக்கு?"

சபீனா ரப்பர் பட்டையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தண்ணிக்கு நாலுதான் சார். மத்த அஞ்சும் உங்க கை நடுங்கினதுக்கு."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ நாளைக்கு எத்தனை விடணும்?"

"காலையில வந்து கையைக் காட்டுங்க," என்றாள்.