எத்தனை முழம் முன்னால்?

பட்டாளத்திலிருந்து திரும்பிய தனுஷ்கோடி, நூறு கஜத்தில் வைத்த தேங்காயைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் சிதறடித்துவிடுவார். தேங்காய் பறக்காது, அதுதான் வசதி. ரெட்டைக்குழல் ரவைத் துப்பாக்கியைத் தூக்கி, பறக்கிற கிளுவை வாத்து ஒன்றை இறக்கு என்றால் முடியவில்லை. பத்து நாளாக வெறும் வானத்தைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஜமீன்தார் முன்னால் ஒரே தோட்டாவில் ஒரு கிளுவையை வீழ்த்தினால் ஏரிக் காவல் வேலை, குடியிருக்க வீடு. தவறினால் பெண்டாட்டி பிள்ளைகளோடு மறுபடியும் மாமனார் வீட்டு மாட்டுக்கொட்டகைதான். மூன்று வருஷமாக அங்கே தின்ற சோறு ஒருநாளும் அவர் தொண்டையில் சுலபமாக இறங்கியதில்லை.

அவருக்குக் குருவாக வாய்த்தவன் மயிலான் என்கிற குருவிக்காரன். அவர் வயதில் பாதிகூட இராது. முதல் நாள் "டேய்" என்று கூப்பிட்டவர், அவன் பறக்கிற பறவை இரண்டை இறக்கியதும் "வாத்தியாரே" என்று மாற்றிக்கொண்டார். அவன்தான் அவரைச் "சாமி" என்பதை விடவில்லை.

"எத்தனை முழம் முன்னால சுடணும், வாத்தியாரே? கணக்காச் சொல்லிடு."

மயிலான் ஏரிக்கரை மேல் ஓட ஆரம்பித்தான். "களிமண்ணை உருட்டி என்னை அடிங்க சாமி!"

தனுஷ்கோடி எறிந்தார். உருண்டை அவன் விலாவில் சொத்தென்று அப்பியது.

"எத்தனை முழம் முன்னால எறிஞ்சீங்க?"

"யாருக்குத் தெரியும்? நீ போற எடத்தைப் பாத்தேன், எறிஞ்சேன்."

"எறியுறப்ப கை நின்னுச்சா?"

"இல்ல."

"துப்பாக்கி எடுத்தா மட்டும் நிக்குது. மூச்சைப் புடிச்சுக்கிட்டு, பறவையையே மொறச்சுப் பாத்து, குழலை நிறுத்திட்டுச் சுடுறீங்க. அதுக்குள்ள அது போயிருது. முன்னால பாருங்க சாமி."

அசையாமல் நின்று சுடுவது பட்டாளத்தில் திட்டித் திட்டி ஏற்றிய பழக்கம். அன்று பொழுது சாயும்வரை, தோட்டா போடாமலே குழலை வீசி வீசித் தோள்பட்டை வீங்கிவிட்டது.

காலையில் ஜமீன்தார் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஏரிக்குள்ள ஒருத்தரும் எறங்கக் கூடாதுன்னு தமுக்குப் போட்டாச்சு. மீறுனவனைக் கட்டி வச்சு அடிப்பேன். நீ தைரியமாச் சுடு."

படகிலிருந்து தகரம் தட்டினார்கள். கிளுவைகள் கூட்டமாக எழும்பி, கோரைப் புல்லுக்கு மேலே தாழ்வாகப் பறந்தன. தனுஷ்கோடி துப்பாக்கியைத் தூக்கினார். கை ஓடியது. குழல் பறவையின் வாலைத் தொட்டது, அலகைத் தாண்டியது, நிற்கவில்லை. இது விழுந்துவிடும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. விரல் விசையை அழுத்தப் போனது.

குழலுக்கு நேரே, கோரைக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பியது. கையில் அரிவாளோடு கோரை அறுக்க வந்தவள். தகரச் சத்தத்தில் திடுக்கிட்டு நிமிர்ந்தவள் மறுநொடியே குனிந்து மறைந்தாள்.

கிளுவைகள் போய்விட்டன.

"ஏன்யா சுடல?" ஜமீன்தார் எழுந்துவிட்டார். "விரல் செத்துப் போச்சா?"

உண்மையைச் சொன்னால் இன்னொரு தோட்டா கிடைக்கும். கோரைக்குள் இருப்பவளின் முதுகுத் தோல் உரிந்துவிடும். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. கொட்டகையில் காத்திருக்கும் மனைவியின் முகம் வேறு வந்து நின்றது.

"கை நடுங்கிருச்சுங்க, எசமான்."

கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார்கள்.

மயிலானும் அவரோடு கரையோரமாக நடந்தான். தனுஷ்கோடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"உன் பேரையும் கெடுத்துட்டேன், வாத்தியாரே. கடைசிவரைக்கும் எனக்கு வரல."

மயிலான் நின்று, ஏரியைத் திரும்பிப் பார்த்தான். கோரைக் கட்டைத் தலையில் சுமந்தபடி ஒருத்தி அக்கரையில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"பத்து நாளாப் பறவையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க, சாமி," என்றான். "இன்னிக்குத்தான் அதுக்கு முன்னால பாத்தீங்க."