ரெண்டு சீட்டு வண்டியின் நடுக்குழாய்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடனுக்கு அறுபத்தொன்று. இரண்டு பேரில் தாடி இருந்தது சீடனுக்குத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் பாட்டுக்கு ஒரு கிழவரைக் கொண்டுபோய் மரத்தடியில் உட்கார வைத்துவிடுவீர்கள்.

குருவின் பெயர் பிருந்தா. கோயமுத்தூரில் பந்தயக் கார்களுக்கு வேலை பார்க்கிற எஞ்சினியர். பைக்கிலிருந்து விழுந்து வலது காலில் மாவுக்கட்டு போட்டிருந்தார். கையில் ஊன்றுகோல்.

சீடன் நாச்சிமுத்து. முப்பது வருஷம் டவுனில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அவர் விற்ற போல்ட்டுகளைக் கொட்டினால் ஒரு கிணறு நிரம்பும். ஒன்றைக்கூடத் தன் கையால் முடுக்கியதில்லை. கடையை மகளிடம் விட்டதும் சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். பழைய வண்டிதான். ரெண்டே சீட்டு. ஒன்று அவருக்கு, ஒன்று மனைவி சுலோச்சனாவுக்கு.

அந்த இரண்டாவது சீட்டு இப்போது காலியாக இருந்தது.

வண்டிக்கு அடியில் புகை போகிற நடுக்குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. ஒரு ஷெட்டில் கொடுத்தார். ஒட்டுப்போட்டுக் கொடுத்து, "ஆச்சுங், இனி கவலையே வேண்டாம்" என்றார்கள். அதை நம்பி சுலோச்சனாவை ஏற்றிக்கொண்டு ஆனைமலைக்குக் கிளம்பினார். பொள்ளாச்சி தாண்டுவதற்குள் சுலோச்சனாவுக்குத் தலை சுற்றியது. ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். கண் செருகியது. ஒட்டுக்குப் பக்கத்திலேயே குழாய் பிளந்து, புகை அடித்தட்டு வழியாக உள்ளே வந்திருக்கிறது. "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..." என்று டாக்டர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

சுலோச்சனா சண்டை போடவில்லை. "நீங்க உங்க வண்டில வாங்க. நான் பஸ்ல வந்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட நாச்சிமுத்துவுக்குத் தேவலை.

நாளைக்கு உடுமலையில் சுலோச்சனாவின் தம்பி வீட்டுக் கல்யாணம்.

புதுக்குழாய் வந்து போர்ட்டிகோவில் கிடந்தது. நாச்சிமுத்து கூப்பிட்டு வந்திருந்த பிருந்தா அதைப் பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, இதை எதுக்கு வீட்டுல பண்ணோணும்? நல்ல ஷெட் எனக்கு நாலு தெரியுமுங்களே?"

"ஒருத்தன் ஆச்சுன்னு சொன்னான். அதை நம்பி என்ற சம்சாரத்தை உக்கார வெச்சனுங்க. இனி ஒருத்தன் சொல்லி நான் அவளை உக்கார வெக்க மாட்டனுங்க. என்ற கையாலயே பண்றேன். நீங்க சொல்லித் தாங்க, டீச்சரம்மா."

"செரி, பண்ணுங்க. நான் உக்காந்திருக்கறேன்."

ஒரு பிளாஸ்டிக் சேரும் ஒரு பொட்டலம் வறுத்த கடலையும் வந்தன. குரு உட்கார்ந்தார்.

"ஜாக்கிய நம்பி அடியில படுத்தீங்கன்னா, கல்யாண வீட்டுக்கு உங்க போட்டோதான் போகும். நாலு பக்கமும் ஸ்டாண்டு குடுங்க."

கொடுத்தார். குரு ஊன்றுகோலால் வண்டியை ஓங்கித் தள்ளிப் பார்த்தார். ஆடவில்லை.

முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்ததால் பழைய போல்ட்டுகள் முனகிக்கொண்டே கழன்றன. குழாய் தொப்பென்று கீழே விழுந்தது. "வந்துருச்சு! வந்துருச்சுங்!" என்று அடியிலிருந்து சத்தம். அறுபத்தொரு வயசு மனுஷன் போடுகிற சத்தமா அது.

"புதுசை மாட்டுங்க. முதல்ல எல்லாத்தையும் அடியில இருக்கற ரப்பர் வளையத்துல தொங்க விடுங்க. ஒரு போல்ட்டையும் இறுக்கக் கூடாது. குழாய் தன்னால வந்து உக்காரட்டும். பொறகு முன்னால இருந்து ஒவ்வொண்ணா இறுக்கிட்டு வாங்க. கடைசில எஞ்சினை ஓட விட்டு, புகை வர்ற பின்வாயை ஈரத்துணியால அடைச்சுக் காது குடுத்துக் கேளுங்க. எங்காவது ஒழுகினா உஸ்ஸுங்கும்."

"செரிங்."

தலையை ஆட்டினாரே தவிர, அவருக்குள்ளே பழைய கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். எந்தக் கோணலோடு யார் வந்து நின்றாலும் அவர் கடையில் ஒரே பதில்தான்: நல்ல போல்ட்டுக்கு மசியாத கோணல் இல்லீங்க. முப்பது வருஷம் சொன்னதைக் கை மறக்குமா? முன் இணைப்பை மாட்டியதும் அங்கேயே இறுக்கிவிட்டார்.

பின் இணைப்பு சேரவில்லை. ஒரு விரல் அளவு தள்ளி நின்றது. கம்பியைக் கொடுத்து நெம்பினார். வேண்டாவெறுப்பாகக் குழாய் வந்தது. அது ஓடிப்போவதற்குள் போல்ட்டைச் செருகி, கழுத்து நரம்பு புடைக்க இறுக்கினார். வெளியே வந்தபோது தாடியெல்லாம் கிரீஸ்.

"முடிஞ்சுதுங். வந்து பாருங்க."

"நான் எதுக்குங் பாக்கோணும்?"

"பொறகு வேலை முடிஞ்சுதா இல்லியான்னு எப்படித் தெரியறது?"

குரு ஒரு கடலையை உடைத்தார்.

"அக்காவைக் கூப்பிடுங்க. பக்கத்துல உக்கார வெச்சு ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க."

நாச்சிமுத்து வீட்டைப் பார்த்துத் திரும்பினார். வாயைத் திறந்தார். "சுலோ..." என்று தொடங்கியது தொண்டையிலேயே நின்றுபோனது.

"என்னங்ண்ணா?"

"மிக்ஸி ஓடுதுங்."

"நிக்கட்டும். எனக்கென்ன அவசரம்?"

மிக்ஸி நின்றது. வீடு அமைதியாக இருந்தது. அப்போதும் அவர் கூப்பிடவில்லை. பொள்ளாச்சி ரோட்டோரம் சுலோச்சனாவின் கண் செருகியது ஞாபகம் வந்தது. பயமாக இருந்தது. நன்றாகவே பயமாக இருந்தது.

"டீச்சரம்மா, நீங்க சித்த எட்டிப் பார்த்து, செரியா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

"காலு மடங்காதுங்."

"போன்ல போட்டோ எடுத்துக் காட்டறனுங்."

"கண்ணாடி கொண்டு வரலீங்."

கண்ணாடி அவர் தலைமேல்தான் இருந்தது. நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"அட கெரகமே! குருன்னு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சா, கடலை தின்னுட்டு வேடிக்கையா பாக்கறீங்க?"

"கடலை நெம்ப நல்லா இருக்குதுங். எங்க வாங்குனீங்க?"

நாச்சிமுத்து திரும்பி நடந்தார். வண்டியை அவரே ஸ்டார்ட் செய்தார். துணியை நனைத்து மடித்துப் பின்வாயில் அழுத்திக்கொண்டு, தலையைத் தரைக்குத் தாழ்த்திக் காது கொடுத்தார். குரு உட்கார்ந்திருந்த இடத்துக்கு எஞ்சின் சத்தம்தான் கேட்டிருக்கும். நாச்சிமுத்துவுக்கு மட்டும் கேட்டது. உஸ்ஸ்.

எங்கிருந்து என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் கடைசி போல்ட்டை இறுக்கும்போதே மனசு ஒரு மாதிரி இருந்தது. அப்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எஞ்சினை நிறுத்தினார். குழாய் ஆறுகிறவரை படியில் உட்கார்ந்திருந்தார். குரு கடலைப் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினார். அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறியதும் அடியில் போனார். முன்னும் பின்னும் எல்லாவற்றையும் அவிழ்த்தார். இணைப்புக்கு நடுவே நசுங்கிக் கிடந்த கேஸ்கெட் தகட்டை எறிந்துவிட்டுப் புதுசு வைத்தார். எதிலும் ஒன்று கூடுதலாக வாங்கி வைப்பது கடைக்காரர் புத்தி. அது இன்றைக்கு உதவியது. குழாயைச் சும்மா ரப்பரில் தொங்க விட்டு, லேசாக ஒரு ஆட்டு ஆட்டினார். அது இப்படியும் அப்படியும் அசைந்து, தனக்கு வேண்டிய இடத்தில் போய் நின்றது. இரண்டு பக்கத்துப் போல்ட் ஓட்டைகளும் நேராக வந்தன. போல்ட் விரலாலேயே உள்ளே போனது.

"அட!" என்று மட்டும் அடியிலிருந்து கேட்டது.

முன்னாலிருந்து பின்னால் வரை நிதானமாக இறுக்கிக்கொண்டு வந்தார். மறுபடி ஈரத்துணி. புகை வெளியேற வேறு வழியில்லாமல் எஞ்சின் மூச்சுமுட்டி இருமியது, திணறியது, நின்றே போனது. உஸ்ஸு இல்லை. இன்னொரு தடவை பார்த்தார். இல்லவே இல்லை. ஸ்டாண்டுகளை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கினார்.

இந்தத் தடவை அவர் குருவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு நட்ட நடு வாசலில் நின்றார்.

"சுலோச்சனா! ஏய், சுலோச்சனா! வா, வந்து வண்டில ஏறு!"

பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. காம்பவுண்டுக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்து, "என்னாச்சுங்?" என்றது.

சுலோச்சனா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். "எதுக்கு இப்படி ஊரைக் கூட்டறீங்க?" வண்டியைப் பார்த்தார். கிரீஸ் தாடியைப் பார்த்தார். "செரியாயிருச்சுன்னு யாரு சொன்னது?"

கேட்டுக்கொண்டே பிருந்தாவைப் பார்த்தார். பிருந்தா பொட்டலத்தில் கடைசிக் கடலையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நான் சொல்றேன்" என்றார் நாச்சிமுத்து.

சுலோச்சனா அவர் முகத்தைப் பார்த்தார்.

"இருங்க. செருப்பைப் போட்டுட்டு வரேன்."

சிவப்பு வண்டி கேட்டைத் தாண்டி, தெருமுனையில் கம்பீரமாக ஒரு உறுமல் போட்டுவிட்டு மறைந்தது.

திரும்பி வந்தபோது சுலோச்சனாவின் மடியில் ஒரு பேக்கரிப் பொட்டலம் இருந்தது. இறங்கி, அதிலிருந்த தேங்காய் பன்னில் பாதியைப் பிய்த்து பிருந்தாவிடம் கொடுத்தார். பிறகு புருஷனைக் கேட்டார்:

"பஸ்ஸுன்னா நாளைக்கு விடியறதுக்கு முன்னாலயே கிளம்போணும். இதுல போறதுன்னா காப்பி குடிச்சுட்டே போலாமில்லீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார்.

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கியது. புகை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு குருவின் முன்னால் படியில் உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கறனுங். முதல்ல வேலை முடியலைன்னும் உங்களுக்குத் தெரிஞ்சுது. ரெண்டாவது முடிஞ்சுதுன்னும் தெரிஞ்சுது. நீங்க ஒரு தடவைகூடக் குனிஞ்சே பாக்கலியே. எப்படிங்?"

பிருந்தா ஊன்றுகோலை ஊன்றி மெல்ல எழுந்தார்.

"முதல்ல அக்காவைக் கூப்பிட்டப்ப, பக்கத்துல உக்காந்திருந்த எனக்கே கேக்கலீங்ண்ணா. ரெண்டாவது கூப்பிட்டது பக்கத்து வீட்டு நாய்க்கே கேட்டுதுங்."