ஹார்டு டிஸ்க் அவர்களுக்கு முதல் பரிவட்டம்

காவேட்டுப்பட்டி என்று ஓர் ஊர். எப்படிப் போவது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களிடமே வழி கேட்டு அலைந்தவன் நான்.

அங்கே தேர்த் திருவிழா நடத்த நாலு பேர் கொண்ட குழு உண்டு. தலைவர் அம்மையப்பன், செயலாளர் வைரக்கண்ணு, உறுப்பினர்கள் மருதையன், சன்னாசி. நாலு பேரும் தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். தொல்லையே அதுதான்.

அழைப்பிதழில் நாற்பத்திரண்டு பெயர் போட வேண்டும். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று முடிவாக மூன்று மாதம் ஆனது. அதற்குள் ஒருவருக்குப் பல் போனது, ஒரு வீட்டில் சம்பந்தம் முறிந்தது. ஒருவழியாக முடிந்த பட்டியலை வைரக்கண்ணு தன் லேப்டாப்பில் ஏற்றினார். ஏற்றிய கையோடு, பழைய சண்டை மறுபடி கிளம்பக் கூடாது என்று காகிதங்களை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டார்.

அச்சகத்தில் கொடுக்க வேண்டிய நாள் காலையில் லேப்டாப் கண் திறக்கவில்லை. கறுப்புத் திரை, அதில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி.

"பட்டியல் போச்சுன்னா நாப்பத்திரண்டு வீட்டுக்காரனும் என் சட்டையைத்தானய்யா பிடிப்பான்?" என்றார் வைரக்கண்ணு. பாவம், காலைப் பலகாரம்கூட அவருக்கு இறங்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

அவருடைய அக்கா மகள் பூவிழி திருச்சியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். லேப்டாப்பை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். போன் போட்டார்கள்.

"பயப்படாதீங்க மாமா, பட்டியல் உள்ளதான் இருக்கும். லேப்டாப் பையில ரெக்கவரி சிடி ஒண்ணு வச்சிருக்கேன், அதைப் போட்டா சரியாயிடும். நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

சிடியை உள்ளே தள்ளினார்கள். "ஆன் பண்ணதும் எஃப் டூ பட்டனை அழுத்திக்கிட்டே இருங்க," என்றாள். விரல் உறுதி உள்ளவர் என்று சன்னாசியை நியமித்தார்கள். அவர் அழுத்தினார். நீலத் திரை வந்தது.

"அதுல ஒரு வரிசை இருக்கும் மாமா. முதல்ல ஹார்டு டிஸ்க், ரெண்டாவது சிடின்னு. லேப்டாப் எழுந்ததும் முதல்ல யாரைத் தேடிப் போகணும்ங்கிற வரிசை அது. சிடியை முதல் இடத்துக்கு ஏத்துங்க. கொஞ்ச நேரத்துல கூப்பிடுறேன்."

போனை வைத்தார்கள். அம்மையப்பன் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"முதல் இடத்துல இருக்கறவரை இறக்கணுமாம்."

"எத்தனை வருஷமா இருக்காரு?" என்றார் மருதையன்.

"வாங்கின நாள்லேருந்து," என்றார் வைரக்கண்ணு. "ஆறு வருஷம்."

"சிடி?"

"இன்னிக்குக் காலையிலதான் கவரை விட்டு வெளிய வந்துச்சு."

"அநியாயம் தலைவரே. பெரியவரை ஒரு வார்த்தை கேக்காம இறக்கினா ஊர் வழக்கம் என்னத்துக்கு ஆகும்?"

நியாயமான கேள்வி. தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு வைத்து லேப்டாப்பின் முன் நீட்டினார்கள். அம்மையப்பன் கைகூப்பினார்.

"பெரியவர் பெரிய மனசு பண்ணி ரெண்டாவது இடத்துல நின்னு கொடுக்கணும். பதிலுக்கு அழைப்பிதழ்ல முதல் பேரு உங்களுது. தேரன்னிக்கு முதல் பரிவட்டமும் உங்களுக்குத்தான்."

லேப்டாப்புக்குள் இருந்த விசிறி 'உம்ம்ம்' என்று சுற்றியது.

"உம் கொட்டிட்டாரு," என்றார் சன்னாசி, பட்டனிலிருந்து விரலை எடுக்காமல்.

பூவிழி மறுபடி கூப்பிட்டாள். "சிடி மேல ஏறிடுச்சா மாமா?"

"மனசார சம்மதிச்சு ஏறிடுச்சும்மா."

அது என்ன சம்மதம் என்று அவள் கேட்கவில்லை. "சரி, சேவ் பண்ணிட்டு வெளிய வந்துடுங்க."

சேவ் செய்தார்கள். நாலு பேரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். சன்னாசியின் விரல் பட்டனில் இருந்ததால் லேப்டாப்பும் கூடவே வந்தது. அது அணைந்து எழுந்து மறுபடி அதே நீலத் திரையைக் காட்டியது. திரும்பச் சேவ் செய்தால் திரும்பவும் நீலம். மத்தியானம் வரை இதே கதை.

"மாமா, எஃப் டூல யாராவது கை வச்சிருக்கீங்களா?"

"சன்னாசி வச்ச கையை எடுக்கலம்மா. சோத்தைக்கூட நாங்கதான் ஊட்டிவிட்டோம்."

"ஏன் எடுக்கல?"

"நீ எடுக்கச் சொல்லலையே."

எதிர்முனையில் பூவிழி நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. பிறகு, "எடுக்கச் சொல்லுங்க மாமா," என்றாள். "இப்ப, ஏதாவது ஒரு பட்டனை அழுத்துன்னு திரையில வரும். எதை வேணும்னாலும் அழுத்துங்க. உடனே அழுத்தணும்."

தீர்மானம் போடாமல் எதையும் தொடாத குழு அது. தலைவர் என்ற முறையில் தன் பெயரின் முதல் எழுத்தைத்தான் அழுத்த வேண்டும் என்றார் அம்மையப்பன். அப்படியானால் மற்றவர்கள் என்ன கிள்ளுக்கீரையா என்றார் மருதையன். கை தூக்கி எண்ணி முடிப்பதற்குள் திரையில் வந்த வரி போய்விட்டது. அணைத்து எழுப்பினார்கள். மறுபடி விவாதம், மறுபடி வரி போனது. மணி மூன்றரை ஆயிற்று. நாலு பேரும் ஆளுக்கொரு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்துவது என்று கடைசியில் ஏகமனதாக முடிவானது.

லேப்டாப் பிழைத்தது. நாற்பத்திரண்டு பெயரும் அப்படியே இருந்தன. வைரக்கண்ணு லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார். சிரிக்காதீர்கள், மூன்று மாதச் சண்டை அது.

"சிடியை எடுத்து ரொம்பப் பத்திரமா வைங்க மாமா," என்றாள் பூவிழி கடைசியாக.

அந்த ஊரில் ரொம்பப் பத்திரமான இடம் கோயில் உண்டியல். மூன்று பூட்டு, மூன்று வீட்டில் சாவி. உண்டியல் வாயில் சிடியைப் போட்டுவிட்டு வந்தார்கள்.

அழைப்பிதழ் வந்தது. மேலே, 'திரு. ஹார்டு டிஸ்க் அவர்கள்'. அதுவரை முதல் பெயராக இருந்த ரைஸ் மில் முதலாளி குழுவைத் தேடி வந்துவிட்டார்.

"யாருய்யா இவரு?"

"நம்ம நாப்பத்திரண்டு பேரையும் உள்ள வச்சுக் காப்பாத்தினவரு," என்றார் அம்மையப்பன்.

"அப்ப சரி," என்று முதலாளி போய்விட்டார்.

தேரன்று வடம் பிடித்து மேல முக்கு வரை இழுத்தார்கள். அங்கே முதல் பரிவட்டம் கட்டாமல் தேர் மேற்கொண்டு நகரக் கூடாது என்பது வழக்கம். குடை பிடித்து லேப்டாப்பை அழைத்து வந்தார்கள்.

"தூங்குறவருக்குப் பரிவட்டம் கட்டலாமா? எழுப்புங்க," என்றார் அம்மையப்பன்.

சன்னாசி ஆன் செய்தார். பழக்கதோஷத்தில் விரல் எஃப் டூவுக்குப் போனது. நீலத் திரை வந்தது. வைரக்கண்ணு படித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"தலைவரே, இதுல சிடிதான் முதல்ல இருக்காரு. பெரியவரு ரெண்டாவது."

"நாம போட்ட வரிசையை நாமே மீறலாமா?" என்றார் மருதையன்.

"வரிசையை மாத்திடுவோம்," என்றார் சன்னாசி.

"சிடியோட சம்மதம் வேணாமா? அவரு உண்டியலுக்குள்ள இருக்காரு," என்றார் மருதையன்.

"உண்டியலை எப்பத் திறப்பாங்க?" என்றார் அம்மையப்பன்.

"தேர் நிலைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள்," என்றார் வைரக்கண்ணு.

அம்மையப்பன் யோசித்தார். வடத்தைக் கீழே போடச் சொன்னார்.

"ஒரே ஒரு நாள்தானே? அந்த மறுநாள் வர்ற வரைக்கும் தேர் இங்கயே நிக்கட்டும்."

அது ஆயிற்று மூன்று வருஷம். காவேட்டுப்பட்டி பஸ் இப்போதும் மேல முக்கில் தேரைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது.