தண்ணீரை மறிக்காத பாலம்

பேராசிரியர் உமாபதி சொல்வதில் ஒரு சொல்லையும் கீழே சிந்தவிடாத மூன்று மாணவர்கள் ஒரே குழுவில் வந்து சேர்ந்தது யாருடைய குற்றமும் இல்லை. சீட்டுக் குலுக்கியதில் அப்படி விழுந்தது. குழுத்தலைவன் இன்பசேகர். மற்றவர்கள் கிளாட்வினும் சஹானாவும்.

வளங்குன்றாப் பொறியியல் பாடத்துக்காக அவர்களைக் கருவேலன்குளத்துக்கு அனுப்பியபோது பேராசிரியர் மூன்று விதிகள் சொன்னார். உள்ளூர் மக்களைக் கேட்டுச் செய்ய வேண்டும். உள்ளூர்ப் பொருளால் செய்ய வேண்டும். ஓடுகிற தண்ணீரை மறிக்கக் கூடாது. இன்பசேகர் மூன்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு இரண்டு நாள் அந்தக் கையை நனைக்கவில்லை.

ஊரில் பாலம் தேவைப்பட்டது முத்துராக்கு ஒருத்திக்குத்தான். அவளுக்கு இருந்தது ஓர் எருமை. பால் வண்டி கால்வாய்க்கு அக்கரையில் காலை ஆறரைக்கு வந்து ஐந்து நிமிடம் நிற்கும். கால்வாய் வறண்டிருந்தால் இறங்கி ஏறிவிடுவாள். வெள்ளிக்கிழமை அணை திறக்கிறார்கள். அப்புறம் மூன்று மாதம் கழுத்தளவுத் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும். கேனோடு சுற்றிப்போனால் ஒன்றரை மணி நேரம், பால் திரிந்துவிடும்.

"வெள்ளிக்குள்ள முடிச்சிருவீகளா தம்பி?"

"வியாழனே முடிச்சிருவோம்க்கா."

கரையில் ஒரு பனந்தடி கிடந்தது. தூக்கிப் போட்டால் அக்கரைக்கு எட்டும்.

"இதையே போட்ருங்க," என்றாள் முத்துராக்கு.

"இது எந்த ஊர்ப் பனைக்கா?" என்று கேட்டான் இன்பசேகர்.

"யாரு கண்டா? போன வெள்ளத்துல வந்து ஒதுங்குச்சு."

மூவரும் பனந்தடியை விட்டு இரண்டடி விலகி நின்றார்கள்.

"வெளியூர்," என்றான் கிளாட்வின்.

"வந்து ஒரு வருஷம் ஆச்சே," என்றாள் சஹானா.

"ஒரு வருஷத்துல உள்ளூர் ஆயிருமா? ரேஷன் கார்டே குடுக்க மாட்டாங்க."

"நல்லா இருக்கே கதை!" என்றாள் முத்துராக்கு. "அப்படிப் பாத்தா நானுந்தான் வெளியூரு. கமுதியிலேருந்து வாக்கப்பட்டு வந்தவ."

இன்பசேகருக்குத் திக்கென்றது. மூன்று நாளாக அவர்கள் கருத்துக் கேட்டதெல்லாம் இவளிடம்தான். நோட்டை எடுத்து அவள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தான். வருத்தத்தோடுதான் அடித்தான்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. விதி."

"அடிச்சுக்கங்க. பாலத்தை மட்டும் போட்ருங்க."

பிறகு அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே இருப்பவர்களைத் தேடினார்கள். அகப்பட்டவர்கள் ஆறு ஆண்கள். ஆறு பேருமே கால்வாயைத் தாண்டுகிறவர்கள் இல்லை. பாலம் எதற்கு, உட்கார ஓர் இடம் இருந்தால் தேவலை என்றார்கள். இன்பசேகர் அதைக் குறித்துக்கொண்டான்.

ஊரிலேயே முளைத்து ஊரிலேயே விழுந்த மரம் என்று கிடைத்தவை சில வேப்பங்கொம்புகள். எதுவும் எட்டடிக்கு மேல் இல்லை. ஒட்டுப்போட்டால் நடுவில் கால் ஊன்ற வேண்டும்.

"கால் ஊன்றினா தண்ணியை மறிக்கும்," என்றான் கிளாட்வின்.

"தண்ணி இல்லாத இடத்துல ஊன்றினா?" என்றாள் சஹானா.

இன்பசேகர் அவளை மரியாதையோடு பார்த்தான். இது தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்றிருந்தது.

வியாழன் மாலை பாலம் முடிந்தது. கரையோரமாக, கால்வாய் போகிற திசையிலேயே, இருபது அடி நீளம். வெள்ளி விடியலில் தண்ணீர் வந்தது. ஒரு சொட்டுகூடப் பாலத்தைத் தொடவில்லை. ஆறு பேரும் அதில் வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் போவதைப் பார்த்தார்கள்.

ஆறு மணிக்கு, பால் கறக்குமுன் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போக முத்துராக்கு வந்தாள்.

"இதுல ஏறினா நான் எங்க போயி இறங்குவேன்?"

"அந்த முனையிலக்கா," என்றான் இன்பசேகர்.

"நல்லா இருப்பே," என்றாள்.

விறுவிறுவென்று போய் எருமையை ஓட்டிவந்தாள். காலிக் கேனோடு அதன் முதுகில் ஏறினாள். எருமை நீந்தி அக்கரை சேர்ந்தது. அங்கேயே கறந்து வண்டியில் ஊற்றிவிட்டாள்.

மூவரும் கரை விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"எருமை எந்த ஊர்?" என்றான் கிளாட்வின், மெதுவாக.

"இங்கனதான் பொறந்துச்சு," என்றார் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர். "அதோட ஆத்தாளும் இங்கனதான்."

இன்பசேகருக்குக் கண் கலங்கிவிட்டது. நோட்டில் வேப்பம்பாலத்தை அடித்துவிட்டு எருமையை வரைந்தான். கால்கள் நான்கு, இணைப்புகள் இல்லை என்று பக்கத்தில் எழுதினான்.

பத்து மணிக்குப் பேராசிரியரின் கார் அக்கரையில் வந்து நின்றது. முத்துராக்கு அங்கேயே எருமையை மேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலம் எங்கப்பா?" என்று கத்தினார்.

"உங்க பக்கத்துல புல்லு தின்னுது சார்!"

மூவரும் இங்கிருந்தே கத்தி விளக்கினார்கள். பேராசிரியரின் முகம் மலர்ந்தது. இருபது வருஷமாக அவர் வகுப்பில் சொல்லிவருவது இதைத்தானே! திறந்துவைக்க அவரே ஏறி உட்கார்ந்தார்.

"கொம்பைப் பிடிச்சுக்கங்க சார்," என்றாள் முத்துராக்கு.

பாதிக் கால்வாய் வரை பாலம் ஒழுங்காக வந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. பாலம் நின்றது. பிறகு சுகமாக அமிழ்ந்துகொண்டது. பேராசிரியர் கழுத்துவரை தண்ணீரில் இருந்தார்.

"அம்மா, இது எப்ப எந்திரிக்கும்?"

"வெயில் தாழ எந்திரிக்கும் சார். அதுக்கு முன்னால அது அப்பன் வந்து கூப்பிட்டாலும் எந்திரிக்காது."

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா!"

இக்கரையில் மூவரும் கூடிப் பேசினார்கள். கடைசியில் இன்பசேகர் கைகளைக் குவித்துக் கத்தினான்.

"பயப்படாதீங்க சார்! பாலத்துக்குப் போறதுக்கு ஒரு பாலம் போடப்போறோம்!"

"சீக்கிரம் போடுப்பா!"

"ஊர்க்காரங்களைக் கேட்டுட்டு வந்திடறோம் சார்."

கேட்டார்கள். வேப்பங்கொம்பில் உட்கார்ந்திருந்த ஆறு பேரும் பேராசிரியரை நன்றாகப் பார்த்துவிட்டு யோசித்தார்கள்.

"எதுக்குத் தம்பி?" என்றார் மூத்தவர். "இங்கனேருந்தே நல்லாத் தெரியிறாரே."