உதிர்ந்த முள்ளும் பிடுங்கிய முள்ளும்

கருவேலங்காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. அதில் தவளை கத்தாது. மீன் துள்ளாது. கொக்குகூட அதன் கரையில் ஒற்றைக்காலில் நிற்காது. இரண்டு காலையும் ஊன்றி, எந்நேரமும் பறக்கத் தயாராக நிற்கும்.

அந்தக் குளம் கோடையில் பேசும்.

வயிறு நிறையத் தண்ணீர் இருக்கும்வரை அது வாயைத் திறக்காது. வெயில் ஏறி, கரைச்சேறு வெடித்ததும் அதற்குப் பசி வந்துவிடும். உச்சிப்பொழுதில், எந்தப் பிராணிக்கும் நிழல் விழாத நேரத்தில், பள்ளிக்கூடத்தில் அட்டென்டன்ஸ் எடுப்பதுபோல ஒரு பெயரைச் சொல்லும். முதல் நாள் பாதிப் பெயர். மறுநாள் முழுப் பெயர். முழுப் பெயரைக் கேட்டவர் எழுந்து, தூக்கத்தில் நடப்பவர்போல நடந்து, தண்ணீருக்குள் இறங்கிவிடுவார். அடுத்த நாள் காலையில் குளத்தில் ஓர் அல்லி அதிகமாகப் பூத்திருக்கும். அதை யாரும் பறிப்பதில்லை.

குளம் எல்லோரையும் கூப்பிடாது. தனக்கென்று ஒருவர் இல்லாதவரை மட்டும்தான் கூப்பிடும். அதுவும் தன் குரலில் கூப்பிடாது. யார் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாதோ, அவருடைய குரலில் கூப்பிடும். அந்தக் கோடையில் முதலில் போனது சருகுமான். அடுத்தது, பெண்டாட்டியைப் பறிகொடுத்த கீரி. பாவம், செத்துப்போனவளே கூப்பிடும்போது அது என்ன செய்யும்?

அந்தக் காட்டில் முள்ளி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். தனியாக வளை தோண்டி, தனியாகக் கிழங்கு அகழ்ந்து, தனியாகத் தூங்கி எழுபவள். வாய் மட்டும் ஏழு ஊருக்கு நீளும்.

"உனக்கென்று ஒரு துணை வேண்டாமா முள்ளிக்கண்ணு?" என்று செம்போத்துப் பறவை கேட்கும். அந்தக் காட்டில் நிச்சயம் செய்துவைப்பதும், ஊர்வம்பு சுமப்பதும் செம்போத்துதான்.

"இருக்கிற வளைக்கு என் குறட்டையே போதும் அக்கா! இன்னொரு குறட்டைக்கு இடமில்லை!" என்பாள் முள்ளி.

ஒருநாள் உச்சிவெயில். மனிதருக்கு நடுராத்திரி எப்படியோ, முள்ளம்பன்றிக்கு உச்சிவெயில் அப்படி. நல்ல தூக்கத்தில் இருந்தவள் சட்டென்று கண் விழித்தாள். வளை வாசலில் வெளிச்சம் வெள்ளைத் துணிபோல அசையாமல் தொங்கியது. குளத்தின் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"முள்..."

அவ்வளவுதான். அவளுடைய அம்மாவின் குரல். அம்மாவைச் சிறுத்தை கொண்டுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது.

முள்ளியின் கால்கள் அவளைக் கேட்காமலே எழுந்து நின்றன. பாதிப் பெயர் என்பதால் அத்தோடு நின்றன. நாளைக்கு நிற்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

வெயில் தாழ்ந்ததுதான் தாமதம், கிலுக்கனின் வளைக்கு ஓடினாள். கிலுக்கனும் முள்ளம்பன்றிதான். நடக்கும்போது வால்முட்கள் கிலுகிலுவென்று சத்தம் போடும். அதனால் அந்தப் பெயர். எதற்கும் அவசரப்படாதவன். முள்ளிக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"கிலுக்கா! எழுந்திரு! நீ என்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்!"

கிலுக்கன் வாயிலிருந்த கிழங்கு கீழே விழுந்தது.

"என்னது?"

"நிஜமாக இல்லை, மண்டூகம்! சும்மா ஒரு நிச்சயம். குளம் என்னைப் பாதி கூப்பிட்டுவிட்டது. மழை வந்து அது நிரம்பட்டும், நிச்சயத்தை முறித்துக்கொள்ளலாம்."

கிலுக்கனின் முகம் ஒருமாதிரி ஆயிற்று. "ஊரில் நான்தானா கிடைத்தேன்?"

"வேறு யார் இங்கே வேலைவெட்டி இல்லாமல் இருக்கிறார்கள்?"

"அது சரி."

"நீயும் தனிக்கட்டைதானே! உன்னை மட்டும் அது ஏன் கூப்பிடவில்லை?"

"என் பெயர் நீளம் இல்லையா? அதற்குச் சோம்பலாக இருக்கும்!" என்று சொல்லிவிட்டுக் கிலுக்கன் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். முள்ளி சிரிக்கவில்லை.

முள்ளம்பன்றிகளுக்கு நிச்சயம் என்றால் முள் மாற்றுவது. முதுகில் உயிரோடு நிற்கும் முள் ஒன்றை வேரோடு பிடுங்கி, இரத்தம் காயும் முன்னே எதிராளிக்குக் கொடுக்கவேண்டும். கொடுத்த முள், வாங்கியவரைக் காக்கும். அதுதான் சட்டம். ஆனால் வேரோடு பிடுங்குவது லேசான வேலையா? நகத்தைப் பெயர்த்து எடுப்பதுபோல. வாரக்கணக்கில் ஒருக்களித்துத்தான் படுக்கவேண்டும்.

"நிஜ நிச்சயம் செய்கிறவர்கள் படட்டும் அந்த வேதனையை!" என்றாள் முள்ளி. "நம் வளையில் உதிர்ந்த முள் எத்தனை கிடக்கிறது! ஒன்றை எடுத்து, வேரில் கோவைப்பழச் சாற்றைத் தடவினால் ஆயிற்று. இரத்தமா, பழமா என்று யார் நக்கிப் பார்க்கப்போகிறார்கள்?"

"செம்போத்து கேட்டால்?"

"அது பேசுவதற்கே அதற்கு நேரம் போதாது!"

மறுநாள் காலையிலேயே குளத்தங்கரைக்குப் போனார்கள். செம்போத்து தொண்டையைச் செருமிக்கொண்டு நடுவில் நின்றது. குளம் கண்ணாடிபோலக் கிடந்தது. காற்று இருந்தும் அதில் அலை இல்லை.

முள்ளி தன் முள்ளை நீட்டினாள். வேரில் கோவைப்பழம் செக்கச்செவேல் என்று இருந்தது. இரத்தத்தைவிட அழகாகவே இருந்தது. கிலுக்கன் தன் முள்ளை நீட்டினான். அதன் வேரும் சிவப்பாகத்தான் இருந்தது. 'சொன்னதைச் செய்திருக்கிறான், பரவாயில்லை' என்று நினைத்துக்கொண்டாள்.

"சொல்லவேண்டியதைச் சொல்லுங்கள்!" என்றது செம்போத்து.

"என் உடம்பிலிருந்து இதைக் கொடுத்தேன். இனி நீ தனி இல்லை," என்றான் கிலுக்கன். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

"என் உடம்பிலிருந்து இதைக் கொடுத்தேன், இனி நீ தனி இல்லை!" என்று முள்ளி ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

அவள் சொல்லி முடித்ததும் குளத்தின் நடுவில் ஒரு சின்னச் சுழிப்பு. தண்ணீருக்கு அடியில் யாரோ அதே சொற்களை, உதட்டை மட்டும் அசைத்து, சொல்லிப் பார்ப்பதுபோல.

அன்றைய உச்சியில் குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

"பார்த்தாயா! குளத்தையே ஏமாற்றியாகிவிட்டது!" என்று முள்ளி குதித்தாள்.

ஊர் நம்பவேண்டுமே என்று தினமும் மாலையில் கிலுக்கன் அவள் வளைக்கு வந்தான். வந்தால் சும்மா இருக்கமாட்டான். வாசல் மண் சரிந்திருந்தால் தள்ளிவிடுவான். எதையாவது சொல்லி அவளிடம் திட்டு வாங்குவான்.

"ஏன் இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காருகிறாய்? பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த மாதிரி!"

"வாயுப்பிடிப்பு."

"கண்ட கிழங்கைத் தின்றால் வாயு பிடிக்காமல் என்ன செய்யும்?"

திட்டிக்கொண்டே நல்ல கிழங்காகப் பார்த்து அவன் பக்கம் தள்ளுவாள். ஏன் தள்ளுகிறோம் என்று அவள் யோசிக்கவில்லை. அவன் வரத் தாமதமானால் அந்தக் கிலுகிலுச் சத்தம் எங்கே என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். கேட்டால், ஊருக்காக என்பாள்.

மழை வரவில்லை. குளம் இன்னும் சுருங்கிற்று. நடுவில் ஒரு கரும்பச்சை வட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. அல்லிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

ஒருநாள் வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் செம்போத்து சிரித்துக்கொண்டே வந்தது.

"அடி முள்ளி! கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? நேற்று உச்சிவெயிலில் குளத்தங்கரையில் நின்று அவனைக் கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிட்டாயே! என் காதில் விழுந்துவிட்டது!"

"நானா? நேற்று உச்சியில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன் அக்கா."

"சும்மா இரு! உன் குரல் எனக்குத் தெரியாதா? 'கிலு...' என்றாய். அப்புறம் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டாய்!"

முள்ளியின் முட்கள் ஒவ்வொன்றாகச் சிலிர்த்து நின்றன.

பாதிப் பெயர். அதுவும் தன் குரலில். யார் கூப்பிட்டால் அவனால் போகாமல் இருக்க முடியாதோ, அந்தக் குரலில்.

'ஆனால் எங்களுக்குத்தான் நிச்சயம் ஆகிவிட்டதே! என்னைக் கூப்பிடாத குளம் அவனை மட்டும் எப்படிக் கூப்பிடும்?'

வளைக்குள் ஓடினாள். சுவரில் குத்திவைத்திருந்த கிலுக்கனின் முள்ளைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள். கோவைப்பழச் சாறு என்றால் இதற்குள் எறும்பு மொய்த்துத் தின்றிருக்கவேண்டும். ஓர் எறும்பு இல்லை. வேர் கறுத்து, காய்ந்து இறுகியிருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

இரத்தம்.

வாயுப்பிடிப்பாம்!

அவன் கொடுத்தது நிஜம். அதனால்தான் இத்தனை நாள் அவள் பிழைத்துக் கிடந்தாள். அவள் கொடுத்தது குப்பை. அவனைக் காக்க ஒன்றுமே இல்லை. குளத்தை அவள் ஏமாற்றவே இல்லை. அவனைத்தான் ஏமாற்றியிருக்கிறாள்.

"கிலுக்கா!" என்று கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தாள். அவன் வளை காட்டின் அந்தக் கோடியில் இருந்தது. ஓடினாள். பகல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பாதி வழியில் குனிந்து பார்த்தாள். காலடியில் நிழல் இல்லை.

உச்சி வந்துவிட்டது.

"கிலுக்கா..." என்று அவளுடைய குரல் குளத்திலிருந்து கூப்பிட்டது. தேன் தடவிய குரல். அப்படி அவள் வாழ்நாளில் யாரையும் கூப்பிட்டதில்லை. "வா கண்ணா... உனக்காகத்தான் காத்திருக்கிறேன்..."

அவள் குளத்துப் பக்கம் திரும்பி ஓடினாள். அங்கே கிலுக்கன் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றான். முகத்தில் ஒரு சிரிப்பு. அவன் எதிரே, தண்ணீரின் மேல், முள்ளியின் உருவம் தெரிந்தது. அவளே பார்த்து மிரண்டாள். அவளைப் போலவே கண், மூக்கு எல்லாம் இருந்தது. உடம்பில் ஒரு முள்கூட இல்லை. வழவழவென்று இருந்தது.

"டேய்! நான் இங்கே இருக்கிறேன்டா!" என்று கரையிலிருந்து அலறினாள். அவன் திரும்பவில்லை.

தண்ணீரில் இருந்தவள்தான் திரும்பினாள்.

"நீ எதற்கு வந்தாய்?" என்று முள்ளியின் குரலிலேயே முள்ளியைக் கேட்டாள். "உன்னை நான் தொட முடியாது. இவன் தன் இரத்தத்தைக் கொடுத்து உன்னைப் பூட்டிவைத்திருக்கிறான். வீட்டுக்குப் போ. போய்த் தூங்கு."

"அவனை விடு!"

"ஏன் விடவேண்டும்? இவன் யாருடையவன்? நீ கொடுத்தது உதிர்ந்த முள். உன் உடம்பே வேண்டாம் என்று தள்ளியது. அதை வைத்துக்கொண்டு இவன் எத்தனை சந்தோஷப்பட்டான் தெரியுமா? தலைமாட்டில் வைத்துத் தூங்கினான். எறும்பு வந்தபோதும் தட்டிவிட்டு வைத்துக்கொண்டான்."

தண்ணீர் கிலுக்கனின் காதைத் தொட்டது. அவன் அருகில் ஓர் அல்லி மொட்டு, இலைகளை விலக்கிக்கொண்டு மெல்லத் தலை நீட்டியது.

"மழை வந்ததும் முறித்துக்கொள்வதாகத்தானே பேச்சு?" என்றது குளம். "முன்னாலேயே முறிந்ததாக வைத்துக்கொள். உனக்கு என்ன நஷ்டம்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக முள்ளியின் வாய் மூடியிருந்தது. கழுத்தைப் பின்னால் வளைத்தாள். முதுகின் நடுவில் இருந்த முட்களிலேயே நெட்டையான ஒன்றைப் பல்லால் கவ்வினாள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

வரவில்லை. மறுபடி இழுத்தாள். உயிரே வேரோடு கழன்று வருவதுபோல இருந்தது. வந்தது. சூடாக ஏதோ முதுகில் வழிந்தது.

இரத்தம் சொட்டும் முள்ளோடு தண்ணீரில் பாய்ந்தாள். ஆயிரம் கை பிடித்து இழுத்ததுபோல் அல்லித்தண்டுகள் காலைச் சுற்றின. முட்களை விரித்து அறுத்துக்கொண்டு போனாள். கிலுக்கனின் தலை முழுகும் நேரம். முள்ளைக் கையில் கொடுக்க அவன் கை எங்கே என்று தெரியவில்லை. தெரிந்த இடத்தில், அவன் பின்புறத்தில், ஓங்கி ஒரு குத்து குத்தினாள்.

"ஐயோ! அம்மா!"

"என் உடம்பிலிருந்து இதைக் கொடுத்தேன்!" என்று மூச்சிரைக்கக் கத்தினாள். "இனி நீ தனி இல்லை! கேட்டதா எருமை? நீந்து!"

கிலுக்கன் கண்ணைக் கசக்கிக்கொண்டு விழித்தான். இந்தப் பக்கம் வழவழப்பான முள்ளி, "வா கண்ணா" என்றாள். அந்தப் பக்கம் முள்ளோடும் சேறோடும் இரத்தத்தோடும் ஒரு முள்ளி, "நீந்துடா தடியா!" என்றாள்.

அவனுக்கு யார் நிஜம் என்பதில் சந்தேகமே வரவில்லை.

கரையேறித் திரும்பிப் பார்த்தபோது தண்ணீரில் உருவம் இல்லை. தலை நீட்டிய அல்லி மொட்டு, யாரோ கீழே பிடித்து இழுத்ததுபோல், ஓசையில்லாமல் உள்ளே போயிற்று.

இருவரும் சேற்றில் கிடந்தார்கள். இரண்டு பேரும் ஒருக்களித்துத்தான் கிடந்தார்கள்.

"எதற்குடா நிஜமாகவே பிடுங்கினாய்?" என்றாள் முள்ளி. "சும்மாதான் என்று சொன்னேன் அல்லவா?"

"நீ சும்மாதான் என்றாய். நான் எங்கே சொன்னேன்?"

முள்ளி மூக்கில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "வளையை அகலப்படுத்தவேண்டும். உன் குறட்டைக்கு," என்றாள்.

அந்த வருஷம் மழை வந்தது. குளம் நிரம்பியது. நிச்சயத்தை முறித்துக்கொள்ளும் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அல்லிகள் மட்டும் அப்படியே நின்றன. போனவர்கள் போனவர்கள்தான்.

குளம் கற்றுக்கொண்ட குரலை மறக்கவில்லை. இன்றும் கோடை உச்சியில், "கிலுக்கா... வா கண்ணா..." என்று தேனாகக் கூப்பிடும். கிலுக்கன் ஒரு கண்ணைத் திறந்து, பக்கத்தில் குறட்டை விடுபவளைப் பார்ப்பான். "என் வீட்டுக்காரி இவ்வளவு மரியாதையாகக் கூப்பிடமாட்டாள்," என்று முணுமுணுத்துவிட்டுப் புரண்டு படுத்துக்கொள்வான்.

நோகாமல் கொடுக்கும் வாக்கு ஒருவரையும் காப்பதில்லை.