குடைக்கு மேல் ஒரு குடம் தண்ணீர்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று. கரிசல் காட்டில் அந்த ஓர் ஊர்தான் இப்படியொரு கூத்தைப் பார்த்தது.

"மக வயசுப் பிள்ளைகிட்ட உமக்கு என்னய்யா பாடம்?" என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள்.

"மக சொன்னா நான் கேக்க மாட்டேன். அதான் அங்க போறேன்" என்பார் சீடர் கொப்பையா.

அன்றைக்கு உச்சி வெயிலில், குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகுவேகென்று வந்தார். பின்னாலேயே அவர் மனைவி சீத்தம்மா, ஓட்டமும் நடையுமாக.

குரு அன்னபூரணி கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"தாயி, ஒரு கேள்வி."

"கேளுங்கய்யா."

"பருத்தியில அசுவினிப் பூச்சி ஏறி, சாறு பூராத்தையும் உறிஞ்சுது. இலையெல்லாம் சுருண்டு போச்சு. மூணு தடவை மருந்து அடிச்சாச்சு. அடிக்க அடிக்கப் பெருகுது. ஏன்?"

சீத்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "காரணம் கேக்குற ஆளைப் பாருங்க! நாளைக்குக் காலையில டிராக்டருக்குச் சொல்லிட்டாரு தாயி. மொட்டு வச்ச செடியை உழுது மடக்கப் போறாராம். ரெண்டு மாசமா நான் குனிஞ்சு களை பறிச்ச காடு. ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சோளம் போட்டாலாவது மாடு திங்கும்" என்றார் கொப்பையா.

குரு கிணற்றிலிருந்து வாளியை மேலே தூக்கினார். குடம் நிரம்பியது.

"குடையை விரிச்சு உக்காருங்க."

கொப்பையா விரித்து உட்கார்ந்தார். குரு குடத்தைத் தூக்கி, குடையின் உச்சியில் கவிழ்த்தார்.

"நனைஞ்சீங்களா?"

"ஒரு சொட்டு இல்ல."

மறுபடி ஒரு குடம்.

"இப்ப?"

"பத்துக் குடம் ஊத்துங்க தாயி. எனக்கென்ன?" குடைக்குள்ளிருந்து கொப்பையா விழுந்து விழுந்து சிரித்தார்.

"உமக்கென்ன! தொப்பலா நனைஞ்சு நிக்கிறது நான்தானே!" சீத்தம்மா முந்தானையைப் பிழிந்தாள். குடை விளிம்பில் வழிந்த தண்ணீரெல்லாம் பக்கத்தில் நின்றவள் தலையில்தான் இறங்கியிருந்தது.

"பெரியம்மா, நீங்க யார் பக்கம் பேச வந்தீங்க?"

"செடி பக்கம்தான். வேற யார் பக்கம்?"

குரு குடத்தைக் கீழே வைத்தார்.

கொப்பையாவின் சிரிப்பு பாதியில் நின்றது. குடையை மடக்காமலே எழுந்து காட்டைப் பார்த்து நடந்தார். இருவரும் பின்னால் போனார்கள்.

வரப்பில் நின்று பார்த்தார். இலைகளின் மேல்புறத்தில் ஒரு பூச்சியும் இல்லை. மருந்து அடித்த மூன்று தடவையும் இப்படி நின்றபடியேதான் நடந்திருந்தார். மருந்து டேங்கை முதுகில் மாட்டி, சாமி மேல் பூத் தூவுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மேலாகத் தெளித்துக்கொண்டே போயிருந்தார்.

செடியடியில் பார்த்தார். சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டுகள், கால்களை மேலே தூக்கிச் செத்துக் கிடந்தன. அசுவினியைத் தின்பவை அவைதான். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வேட்டி அழுக்காகும் என்றுகூடப் பார்க்கவில்லை. இரண்டு வரிசைக்கு நடுவில் மல்லாந்து படுத்துவிட்டார்.

"என்ன மனுசா, மயக்கமா?" சீத்தம்மா பதறினாள்.

"ஏ, இங்க வந்து பாருடி! கல்யாணப் பந்தி மாதிரி இலைக்கு அடியில வரிசை கட்டி உக்காந்திருக்கு!"

அவள் குனிந்து பார்த்து வாயில் கை வைத்தாள். கொப்பையா கையை நீட்டி ஒவ்வொரு இலையாகத் திருப்பிக்கொண்டே நகர்ந்தார். ஏழாவது செடியில், உயிரோடு ஒரு பொறிவண்டு பந்திக்குள் புகுந்து தின்றுகொண்டிருந்தது.

"இந்த வண்டு இருக்கிற வரிசைக்கு மருந்து கிடையாது. மத்ததுக்குக் குழாய் மூக்கை மேல பாக்கத் திருப்பி, அடியிலிருந்து அடிக்கணும்" என்றார், படுத்தபடியே.

"டிராக்டர்காரனுக்கு என்ன சொல்ல?"

"வர வேணாம்னு சொல்லு."

சீத்தம்மா ஈரச் சேலையோடு ஊரைப் பார்த்து ஓடினாள். கொப்பையா தலையை மட்டும் திருப்பிக் குருவைப் பார்த்தார். காதெல்லாம் கரிசல் மண்.

"நாப்பது வருசமாப் பருத்தி போடுறேன் தாயி. இது எப்படி என் கண்ணுல படாமப் போச்சு?"

"நின்னுக்கிட்டே போட்டீங்க."